ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தவன்

ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு மருத்துவக் கல்லூரிதான் விதிக்கப்பட்டிருக்கிறது. அது எதுவென்று தெரியாமல் முப்பது இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறவன், நாளைக்கு ஒரு நோயாளிக்கு முப்பது வியாதிக்கும் சேர்த்தே மருந்து எழுதுவான். லைல் ஸ்ட்ராத்மன் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மாலைக் கல்லூரியின் இடைவேளையில், தின்பண்ட இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் தீபம்போல ஏந்திக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னான்.

"அப்ப எனக்கு முப்பத்தோரு வியாதி," என்றாள், முப்பத்தொரு கல்லூரிக்குப் பட்டியல் போட்டிருந்த ஒனைடா. "நல்லவேளை சொன்ன கண்ணு. முட்டிவலி மட்டுந்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்."

ஒனைடா இருபது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். பனியிலும் மழையிலும், குடிகாரர்களோடும் குழந்தை வண்டிகளோடும் ஓட்டி முடித்து, நாற்பது தாண்டியபின் உயிர்வேதியியல் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். லைலுக்கு முப்பத்தெட்டு. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் மீசை அரும்பும் வயது, அல்லது மீசை அரும்புகிறவனைத் திரும்பிப் பார்க்கும் வயது. இவ்வளவு தாமதமாக வந்து நான் டாக்டராகப் போகிறேன் என்று நிற்பவர்களுக்குக் கல்லூரிகள் மரியாதையாக ஒரு பெயர் வைத்திருந்தன: மரபுசாரா விண்ணப்பதாரர். கல்யாண விளம்பரத்தில் 'வயது சற்று முதிர்ந்த, குடும்பப்பாங்கான' என்று போடுவார்களே, அதே மரியாதைதான்.

ஒனைடா கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்த விதம் லைலுக்குச் சகிக்கவில்லை. அவள் தரவரிசையைப் பார்க்கவில்லை, கட்டடத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரே தொலைபேசியில் கூப்பிட்டு, "வணக்கம்மா, உங்ககிட்ட கடைசியா சேந்த கெழவிக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். சிலர் பட்டென்று வைத்துவிட்டார்கள். சிலர் கொள்கை விளக்கம் வாசித்தார்கள். சிலர் சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார்கள். சிரித்தவர்கள் மட்டும் பட்டியலில் ஏறினார்கள்.

"சிரிக்கிற எடத்துலதான் கெழவி பொழைப்பா," என்பது அவளுடைய சித்தாந்தம்.

"இது கல்லூரி தேடுறதா, இல்ல தெருவுல பிச்சை கேக்குறதா?" என்றான் லைல். "ஒரே நாள்ல முப்பத்தோரு பொண்ணுங்ககிட்ட மோதிரத்த நீட்டுறவன எவ கட்டுவா?"

"ஒருத்தி கட்டுவா. அதுக்குத்தானே முப்பத்தோரு பேரு. உன் மோதிரம் யாருக்கு ராசா?"

லைல் மோவாயால் சன்னலுக்கு வெளியே காட்டினான். குன்றின்மேல், மாலை வெயிலில், மாநில மருத்துவக் கல்லூரியின் கண்ணாடிக் கட்டடம் நின்றது. மற்ற கட்டடங்களில் விளக்கு எரிந்தது. அதில் வெயில் மட்டும் எரிந்தது.

அந்தக் கல்லூரியோடு லைலுக்கு இருந்த உறவு சாதாரணமானது அல்ல. ஹூபர் இறுதிச்சடங்கு நிலையத்தின் நிலவறையில் பதினான்கு வருஷமாக அவன் வேலை பார்த்தான். இறந்தவர்களைக் குளிப்பாட்டி, மருந்தேற்றி, முகம் திருத்தி, உறவுக்காரர்கள் 'தூங்குற மாதிரியே இருக்காரு' என்று சொல்லும்படி ஆக்குவது அவன் தொழில். அதோடு, உடல்தானம் எழுதிவைத்தவர்களை வண்டியில் ஏற்றி அந்தக் கல்லூரியின் பின்பக்கச் சரக்கு வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவன் பொறுப்பு. கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகத் தனிப்பயிற்சி நிலையங்கள் ஏதேதோ விளம்பரம் செய்கின்றன. லைல் கொண்டுபோய் விட்டவர்களில் ஒருவரைக்கூட அந்தக் கல்லூரி இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

'என்னிடம் வந்த நோயாளிகளில் ஒருவர்கூட சிகிச்சை சரியில்லை என்று குறை சொன்னதில்லை.' இது அவன் விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரி. எடுத்துவிடு என்று ஒனைடா கெஞ்சினாள். அவன் எடுக்கவில்லை.

"சரக்கு வாசல்ல இருக்குற காவல்காரரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுவாரு, தெரியுமா உனக்கு?"

"கண்ணு, அவரு சேர்க்கைக் குழுவுல இல்ல. அவரு கூப்பிட்டு யாரும் முன்வாசல் வழியாப் போனதா நான் கேள்விப்படல."

"பாத்துக்கிட்டே இரு," என்றான் லைல்.

வீட்டில் அவன் மனைவி மார்னி இதை ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்திருந்தாள். "ஒரு தடவ. ஒரே ஒரு தடவ. கெடச்சா நான் உன்னோட எங்க வேணாலும் வரேன். கெடைக்கலன்னா ஹூபர் நீட்டுற தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து ஒழுங்காத் தூங்கு." அவள் கோபக்காரி அல்ல. நாலு வருஷம் மாலை வகுப்பு, வார இறுதியில் படிப்பு, கல்யாண நாளில் நுழைவுத்தேர்வு என்று பார்த்து அலுத்தவள். நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் பால் பாக்கெட்டும் ஒரே சாதி. தேதி தாண்டினால் யாரும் தொடமாட்டார்கள். லைலின் மதிப்பெண் ஜனவரியோடு கெட்டுப்போகும். மறுபடி எழுத வேண்டுமானால் மறுபடி ஒரு வருஷம். மார்னியின் வாக்கியத்தில் அதற்கு இடம் இல்லை.

ஹூபர் கிழவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. லைலைத் தொழிலில் பங்குதாரர் ஆக்கிவிட்டுக் கண்மூட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் வற்புறுத்தவே இல்லை, அதுதான் பயம். லைலைப் பார்க்கும்போதெல்லாம் முன்புறப் புல்வெளியைக் கண்ணால் அளந்துவிட்டு, "புதுப் பலகை கொஞ்சம் அகலமா வேணும்," என்று மட்டும் சொல்வார்.

அந்த மார்ச்சில்தான் லைலும் மார்னியும் வீடு மாறினார்கள். மார்னியின் அப்பா காலமாகி, மாநில எல்லையான ஒஹையோ ஆற்றுக்குத் தெற்கே, கென்டக்கிக் கரையில் அவருடைய வீடு காலியாக நின்றது. பாலத்தைத் தாண்டினால் பத்து நிமிஷத்தில் வேலை. புது வீட்டின் அடுப்படிச் சன்னலைத் திறந்தால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் குன்று, குன்றின்மேல் அவனுடைய ஒரே கல்லூரி. காலையில் ஓட்ஸ் கலந்த பன்றிக்கறித் துண்டை வறுத்துக்கொண்டே லைல் அதைப் பார்த்து நிற்பான். "நேரா கண்ணுக்கு முன்னாலேயே வெச்சிருக்காரு பாரு," என்பான் மார்னியிடம். யார் வைத்தார் என்று அவள் கேட்டதில்லை.

லைல் சட்டத்தை மதிக்கிறவன். குடிவந்த வாரமே அலுவலகத்தில் வரிசையில் நின்று, பழைய ஒஹையோ ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்துவிட்டுப் புதிதாகக் கென்டக்கி உரிமம் வாங்கிவந்தான். இதில் அவனுக்குப் பெருமையே உண்டு. "எல்லாரும் வருஷக்கணக்கா மாத்தாமத் திரிவானுங்க," என்று ஒனைடாவிடம் சொல்லவும் நினைத்திருந்தான். மறந்துவிட்டான்.

புது வீட்டு அஞ்சல் பெட்டியில் விழுந்த முதல் தபால் மார்னியின் அப்பாவுக்கும் அல்ல, மின்சார வாரியத்திலிருந்தும் அல்ல. பளபளப்பான அட்டையில் நீலக் கடல், தென்னை, வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள். கரீபியன் தீவில் ஒரு மருத்துவக் கல்லூரி. 'லைல், உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.' வீடு மாறிய சேதி அஞ்சல்காரருக்கே சரியாகத் தெரியாது. தீவுக்குத் தெரிந்திருந்தது.

லைல் அதை வேலையிடத்துக்கு எடுத்துப் போனான். நிலவறையில் ரஸ் இருந்தான். ரஸ் டென்லிங்கர் சவ வண்டி ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் இதே தீவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போய், மூன்றாம் வருஷம் டாக்டர் ஆகாமல் திரும்பியவன். எதற்காகத் திரும்பினான் என்பது அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. 'தீவு டாக்டர்' என்று லைல் வைத்த பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"டாக்டர்வாள், உங்க ஊர்லேருந்து கடுதாசி," என்று அட்டையை நீட்டினான் லைல்.

ரஸ் வாங்கிப் பார்த்தான். சிரிக்கவில்லை. "இந்தப் பொண்ணு இன்னமும் இதுல நிக்கிறா பாரு," என்று அங்கி போட்ட பிள்ளைகளில் ஒருத்தியைக் காட்டினான். "எங்க வகுப்பு. மொதல் பரீட்சையிலேயே தோத்துப் போயிட்டா."

"கடலப் பாத்துக்கிட்டே படிச்சா அப்படித்தான்."

"கடல் மொதல் மாசம் நல்லா இருக்கும். அப்புறம் அதைப் பாக்க முடியாது." ரஸ் கையுறையைக் கழற்றினான். "அங்க ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பரீட்சை முடிஞ்சதும், தோத்தவங்க நாற்காலிய ராத்திரியோட ராத்திரியா எடுத்துருவாங்க. காலையில போனா வகுப்பு நெறஞ்சே இருக்கும். எப்பவும் நெறஞ்சே இருக்கும். மண்டபம்தான் பெருசாகிக்கிட்டே போகும்."

"அதுல ஒரு நாற்காலி நீ."

"ஆமா," என்றான் ரஸ். "எல்லாரையும் உள்ள விடுற வாசல்ல ஏதோ ஒண்ணு இருக்குன்னு நான் அப்பவே யோசிச்சிருக்கணும்."

"யாரு வந்தாலும் வாங்கிக்கிறது கல்லூரி இல்ல ரஸ், குப்பைத்தொட்டி. மானமுள்ளவன் தீவுக்குப் படிக்கப் போகமாட்டான். மீன் பிடிக்கப் போவான்." இதையும் லைல் முழுத் தீவிரத்தோடுதான் சொன்னான். பிறகு அட்டையை நிலவறைச் சுவரில், ரஸ் கண்ணில் படும் இடத்தில், ஒட்டிவைத்தான்.

ஜூனில் விண்ணப்பம் திறந்தது. ஒனைடா முப்பத்தொன்றைத் தட்டிவிட்டு, ஜெபமாலை உருட்டுவதுபோல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். லைல் ஒன்றைத் தட்டிவிட்டு, மிளகாய்க் கறிக்குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டான். மாலைக் கல்லூரியின் ஆலோசகர் அம்மாள் அவன் பட்டியலைப் பார்த்தார். பட்டியல் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக.

"ஒண்ணே ஒண்ணா," என்றார். "சுவாரசியமா இருக்கு."

அந்த அம்மாள் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. ஒரு பையன் வேதியியலில் இரண்டு முறை தோற்றபோது 'சுவாரசியம்' என்றார். அவன் இப்போது காப்பீடு விற்கிறான். லைல் இந்தப் புள்ளிவிவரத்தைக் கவனிக்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஜூலையில் கல்லூரியிலிருந்து இரண்டாம் கட்டக் கேள்விகள் வந்தன. லைல் மாலை வகுப்பு வாசலில் ஒனைடாவை மறித்தான். "பாத்தியா? மேல எழுதச் சொல்லிக் கேட்டிருக்காங்க. புடிக்காதவன்கிட்ட யாராவது மேல கேப்பாங்களா?"

"அத எல்லாருக்கும் அனுப்புவாங்க கண்ணு. எனக்குக்கூட வந்துச்சு. எங்க பக்கத்து வீட்டு நாய் விண்ணப்பம் போட்டிருந்தா அதுக்கும் வந்திருக்கும்."

"உனக்குப் பொறாமை."

"எனக்கு முட்டிவலி. கேளு லைல், இன்னும் நேரமிருக்கு. அக்டோபர் வரைக்கும் பாதிக் கதவு தொறந்திருக்கும், அதுக்கப்புறம் ஒண்ணொண்ணாச் சாத்துவாங்க. என் பட்டியல்ல பாதியாவது எழுதிக்க. சிரிச்ச ஆளுங்க நம்பர் தரேன்."

"எனக்கு ஒண்ணு போதும்."

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பர் போயிற்று. கிணற்றில் போட்ட கல்லாவது விழுந்தவுடன் ஒரு சத்தம் கொடுக்கும். ஒனைடா முதல் நேர்காணலுக்குப் பேருந்தில் போய் வந்தாள். ஓட்டுநர் சரியாகத் திருப்பவில்லை என்று வழிநெடுகக் குறை சொல்லிக்கொண்டு வந்தாளாம். இரண்டாவதுக்குப் போனாள். லைல் அடுப்படிச் சன்னலில் நின்றான். இலையெல்லாம் உதிர்ந்தபின் குன்று இன்னும் நெருங்கி வந்ததுபோல் இருந்தது. காலையில் ஆற்றின்மேல் மூடுபனி ஏறி, கரையை மறைத்து, பாலத்தை மறைத்து, கடைசியில் கட்டடத்தை மட்டும் விட்டுவைக்கும். கீழே எதுவும் இல்லாமல் அது அந்தரத்தில் நிற்கும்.

மற்றக் கல்லூரிகளின் கதவுகள் அடைபட்டுக்கொண்டிருந்தன. லைலுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அந்தத் தெருக்களில் அவன் போகவே இல்லை. தீவிலிருந்து மட்டும் வாரம் தவறாமல் தொலைபேசி வந்தது. பட்டுப்போன்ற ஒரு பெண் குரல். "அவசரமே இல்ல லைல். நீங்க உங்க எடத்துல எல்லாம் பாத்துட்டு வாங்க. நாங்க இங்கேயேதான் இருப்போம்." ஒரு தடவை அவன் எரிச்சலில், "எனக்கு எடம் கெடச்சாச்சு," என்று பொய் சொன்னான். குரல் அசரவில்லை. "அப்படியா, ரொம்ப சந்தோஷம்," என்றது. அடுத்த வாரமும் கூப்பிட்டது.

அக்டோபர் கடைசியில் கல்லூரியிலிருந்து இரண்டு வரி வந்தது. ஒஹையோ மாநிலத்தவர் என்பதற்குச் சான்று ஏதும் இருந்தால் அனுப்பும்படியும், இல்லையென்றால் வெளிமாநிலத்தவர் என்றே அவர் விண்ணப்பம் தொடர்ந்து பரிசீலிக்கப்படும் என்றும். லைல் இரண்டு முறை படித்துவிட்டு, ஒனைடாவைப் பாலத்துக்குப் பக்கத்து ஸ்பகெட்டிக் கடைக்கு வரச் சொன்னான்.

"இதுல என்ன இருக்கு?" என்றான். "நான் பொறந்தது இங்க. வேல பாக்குறது இங்க. படுக்க மட்டுந்தான் அந்தப் பக்கம் போறேன்."

ஒனைடாவின் முள்கரண்டி பாதியில் நின்றது. "படுக்க எந்தப் பக்கம்?"

"மார்ச்சுல வீடு மாறுனோமே."

"விண்ணப்பத்துல எந்த மாநிலம்னு போட்ட?"

"கென்டக்கி. உண்மையத்தானே போடணும்?"

"லைல்." அவள் குரல் இறங்கிவிட்டது. வண்டியில் யாராவது மயங்கி விழுந்தால் ஒனைடா இந்தக் குரலில்தான் பேசுவாள் போலிருக்கிறது. "லைசன்ஸ் மாத்துனியா?"

"மொத வாரத்துலயே."

"வாக்காளர் பட்டியல்?"

"அதே நாள். ஒரே வரிசைதான்."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அட ராசா. அது மாநிலத்துக் கல்லூரி. அந்த மாநிலத்துப் புள்ளைங்களுக்குன்னு வெச்ச எடம். வெளியாளுக்கு வெக்கிறது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்கு நாடு முழுக்க அடிச்சுக்குவானுங்க, அதுவும் தங்கப் பதக்கம் வாங்குனவனா. இருபத்தேழு வயசுப் பையனே பயந்துகிட்டு ஒதுங்குவான். நீ ஆத்தத் தாண்டிப் போயி, அதை அரசாங்கத்துல பதிஞ்சும் வெச்சுட்டியே!"

"அப்ப நான் கென்டக்கிக்காரன். கென்டக்கியில போட்டிருக்கலாம்."

"ஒரு வருஷம் குடியிருக்கணும். நீ போயி மூணு மாசத்துல விண்ணப்பம் போட்ட. அவங்களும் உன்ன ஆளாச் சேத்துக்க மாட்டாங்க. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்." தட்டை ஓரமாகத் தள்ளினாள். "என் பட்டியல்ல நான் மொதல்ல போட்ட கோடு எது தெரியுமா? எந்த மாநிலத்துக்காரி நான்ங்கிறது. சிரிக்கிறானா இல்லையாங்கிறதெல்லாம் அதுக்கப்புறந்தான்."

நாட்டில் ஐம்பது மாநிலங்கள் இருந்தன. நூறு மைலுக்கு ஒரு கல்லூரி இருந்தது. லைல் ஸ்ட்ராத்மன் அவற்றில் எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத ஆளாக, பாலத்தின்மேல் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். திரிசங்குவுக்காவது ஒரு முனிவர் தனி சொர்க்கம் கட்டிக் கொடுத்தார். ஆலோசகர் அம்மாளிடம் போனபோது அவர் இரண்டு கையையும் மேசைமேல் கோத்துவைத்துக்கொண்டு, "ரொம்ப ரொம்ப சுவாரசியம்," என்றார். இந்த முறை லைலுக்கு அது கேட்டது.

அவர் இன்னமும் திறந்திருந்த கல்லூரிகளைத் தேடிப் பார்த்தார். சிலவற்றில் கடைசித் தேதி போன வாரம். மிச்சமிருந்த ஒன்றிரண்டு, ஜனவரியில் கெட்டுப்போகும் மதிப்பெண்ணைத் தொடமாட்டோம் என்றன.

"எங்கிட்ட ஒரு நேர்காணல் குடுத்தாப் போதும்," என்று லைல் மார்னியிடம் சொன்னான். "முகத்தப் பாத்தாப் போதும் அவங்க."

"உன் கட்டுரைய மாத்துனியா?"

"இல்ல."

மார்னி அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

டிசம்பரில், பனி விழுந்த ஒரு காலை, உடல்தானம் எழுதிவைத்த ஒரு மூதாட்டி வந்து சேர்ந்தாள். ஓய்வு பெற்ற பியானோ ஆசிரியை. விரல்கள் மட்டும் இன்னும் நேராக இருந்தன. லைலும் ரஸும் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குன்றேறினார்கள். முன்வாசலில் கறுப்புக் கோட்டும் புது சப்பாத்துமாக இளவட்டங்கள் நின்றன. நேர்காணல் நாள் போலிருக்கிறது. வண்டி அவர்களைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பியது. ஒன்றிரண்டு பேர் வண்டியைப் பார்த்துவிட்டு, சகுனம் சரியில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சரக்கு வாசலில் காவல்காரர் கையுயர்த்தினார். "வா லைல், வா."

லைல் வண்டியின் பின்கதவைத் திறந்தான். சட்டைப்பையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். இவ்வாண்டு அளவுக்கதிகமான தகுதியுள்ள விண்ணப்பங்கள் வந்தன என்று ஆரம்பித்தது. அதற்கப்பால் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் படித்தான். அவனுடைய வருங்கால முயற்சிகளுக்கு வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை அனுப்பிய அலுவலகம் அவன் தலைக்குமேல், இரண்டோ மூன்றோ மாடி தள்ளி, எங்கேயோ இருந்தது.

"உள்ள கொண்டு போங்க," என்றார் காவல்காரர், தம் பதிவுத்திரையைப் பார்த்துக்கொண்டே. "இந்தம்மாவுக்கு எடம் ஒதுக்கியாச்சு."

ரஸ் ஒரு முறை லைலின் முகத்தைப் பார்த்தான். கைப்பேசியைப் பார்த்தான். தீவு டாக்டருக்கு ஒரு வருஷக் கேலியைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. அவன் கொடுக்கவில்லை. அது லைலுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"கால் பக்கம் நீ புடி," என்றான் ரஸ்.

திரும்பி வந்தபோது நிலையத்தின் புல்வெளியில் இரண்டு புதுக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். பலகை இன்னும் வரவில்லை. ஹூபர் கிழவர் தொப்பியோடு பனியில் நின்று, கம்பங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை ரசித்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழம மாட்டிருவாங்க," என்றார். "உன் பேருக்குத் தங்க எழுத்தா, கறுப்பா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றான் லைல்.

"எதுக்கு அவசரம்," என்றார் ஹூபர். "நமக்கு என்னிக்கு வேல இல்லாமப் போச்சு?"

அன்றைக்கு மத்தியானம் ஒனைடா கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "லைல்! ஒண்ணு சிரிச்சிருச்சு! மிசூரியில, மாட்டுப்பண்ணைக்கு நடுவுல, ஆனாக் கல்லூரிதான்! முப்பது பேரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், ஒருத்தன் கட்டிக்கிறேன்னுட்டான்!" அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிவிட்டு, "உனக்கு?" என்றாள்.

"இன்னும் பாக்குறாங்க."

அவள் இருபது வருஷம் கண்ணாடியில் பயணிகள் முகத்தைப் பார்த்தே வண்டி ஓட்டியவள். குரலும் அவளுக்கு முகம்தான். "கண்ணு, நான் சொல்றதக் கேளு. அடுத்த வருஷம் பரீட்சைய மறுபடி எழுது. மார்னிகிட்ட நான் வந்து பேசறேன். ஒஹையோவுக்கு வந்து ஒரு பொந்துல வாடகைக்கு இரு. தீவுப் பக்கம் மட்டும் போயிராத."

"தீவா?" லைல் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் உயரத்தில் போயிற்று. "நானா? அங்க மானமுள்ளவன் போவானா?"

வியாழக்கிழமை, ஒரு சவத்தை எடுத்துவர வேண்டும் என்று மார்னியிடம் சொல்லிவிட்டு, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு லைல் கிளம்பினான். விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில், தரைவிரிப்புப் போட்ட ஒரு கூடத்தில், தீவுக் கல்லூரிகளின் அறிமுகக் கூட்டம். மூன்று மேசைகள், மூன்று தீவுகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தட்டு பிஸ்கட், ஒரு குவளை நிறையப் பேனா. இருபது வயதுப் பிள்ளைகள் அப்பாக்களோடு வந்திருந்தார்கள். அப்பாக்கள் எல்லோரும் லைலின் வயது. அவனைப் பார்த்து, மகன் எங்கே என்பதுபோல் பக்கத்தில் தேடினார்கள்.

அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மேடையில் ஒரு பெண் பேசினாள். தொலைபேசிக் குரலேதான், ஆனால் இப்போதுதான் லைலுக்கு அதை வேறு எங்கே கேட்டிருக்கிறோம் என்று புரிந்தது. "உங்க மேல எந்தத் தப்பும் இல்ல," என்றாள் அவள். "நீங்க எல்லாம் செஞ்சு பாத்துட்டீங்க. இனிமே நாங்க பாத்துக்கறோம்." அது அவனுடைய குரல். நிலையத்தின் முன்னறையில், அழுது முடித்த குடும்பங்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, சவப்பெட்டிப் படங்களைத் திருப்புவதற்குச் சற்று முன் அவனும் ஹூபரும் பேசும் குரல். இறங்கிய சுருதி, அவசரமின்மை, கண்ணை விட்டு விலகாத பார்வை. எப்போது கைக்குட்டைப் பெட்டியை நகர்த்த வேண்டும், எப்போது பேனாவை நகர்த்த வேண்டும் என்று அவனுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். மேசைக்கு எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் இன்றைக்குப் புதிது.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். கதவு திறந்தேதான் கிடந்தது. கதவுக்கு அப்பால் வண்டி நிறுத்துமிடம், பனி, நெடுஞ்சாலை. நாளை வெள்ளிக்கிழமை.

கூட்டம் முடிந்தது. லைல் முதல் மேசைக்குப் போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, எழுதிக் கொடுத்தான். கட்டுரையின் முதல் வரியை இங்கே எடுத்துவிட்டான். பிறகு இடமும் வலமும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இரண்டாவது மேசைக்கு நகர்ந்தான்.

மூன்றாவது மேசையில் இருந்த பெண் அன்பாகப் புன்னகைத்தாள். "நீங்க வேற எங்கயாவது விண்ணப்பம் போட்டிருக்கீங்களா?"

"இல்லங்க," என்றான் லைல் தணிந்த குரலில். "இங்க ஒண்ணுக்குத்தான்."

அவள் பேனாவை நகர்த்தினாள். அவன் வாங்கிக்கொண்டான்.